நிலத்தைக் காக்கச் சட்டம் மட்டும் போதுமா?



"நிலத்தின் நிலைபேறான முகாமைத்துவத்துக்காக அரசு மேற்கொண்டுள்ள நடவடிக்கைகளை விளக்குக." இத்தகைய வினாவைக் கண்டதும் உங்களுட் பலர் படிக்கட்டு முறைப் பயிர்ச்செய்கை, சமவுயரக்கோட்டுப் பயிர்ச்செய்கை என்று எழுதிவிடுகிறீர்கள். அது பிழையன்று. ஆனால் ஒருநாள் வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: "சேர், எங்கட பேசாலையில மலையும் இல்லை, சரிவும் இல்லை. அப்ப இந்தச் சட்டத்தால எங்களுக்கு என்ன?"

நியாயமான கேள்வி. 1951 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க மண் பாதுகாப்புச் சட்டம் 1996 இல் திருத்தப்பட்டது. மலைச்சரிவுகளில் மண்ணரிப்பைத் தடுப்பது அதன் முக்கிய நோக்கங்களுள் ஒன்று. எமது மன்னார்த் தீவோ தாழ்ந்த மணல் நிலம். வடகீழ்ப் பருவ மழைநீர் மணலினூடாகக் கீழிறங்கி, பாரம் கூடிய உவர்நீரின் மேல் நன்னீர்ப் படையாக மிதக்கின்றது. எமது கிணறுகளும் பனைகளும் அதனாலேயே வாழ்கின்றன. மணலை அள்ளினாலோ நீரை அளவுக்கு மீறி இறைத்தாலோ உவர் மேலேறும். எனவே, நிலம் தரமிழத்தல் என்பது எமக்கு உவராதலே.

எமக்குப் பொருந்தும் சட்டங்களும் உள்ளன. 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரம் பேணற் சட்டத்தின்படி, உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயமாகும். அங்கு அபிவிருத்தி வேலை செய்ய அனுமதி வேண்டும். 1980 ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடற் சட்டத்தில் 1988 இல் சுற்றாடல் தாக்க மதிப்பீடு சேர்க்கப்பட்டது. பெருந்திட்டம் ஒன்றின் மதிப்பீட்டு அறிக்கையைப் பார்வையிட்டு, குறித்த காலத்துள் எழுத்தில் கருத்துத் தெரிவிக்கப் பொதுமக்களுக்கு உரிமை உண்டு.

அந்த உரிமை நடைமுறையில் எவ்வளவு தூரம் பயன்பட்டது? எமது தீவில் இல்மனைற்று மணலுக்காக ஆய்வுத் துளைகள் இடப்பட்டன. 2020 இல் 30 காற்றாலைகளைக் கொண்ட 103.5 மெகாவாற்று மின்நிலையம் திறக்கப்பட்டது. காற்று மின்சாரம் நாட்டுக்கு நல்லதே. ஆயினும் மேலும் காற்றாலைகள் வந்தால் மழைநீர் வடிந்தோடும் வழி தடைப்படும், மீன்பிடி பாதிக்கப்படும் என மக்கள் அஞ்சினர். 2025 ஆகஸ்டில் அவர்கள் வீதிக்கு இறங்கிய பின்னரே ஜனாதிபதி புதிய வேலைகளை ஒரு மாதம் நிறுத்திவைக்கப் பணித்தார். வீதியில் கேட்ட அந்தக் குரல், திட்டம் வரையப்படும்போதே கேட்கப்பட்டிருக்க வேண்டும் என்பதே எனது கருத்து.

ஆகவே மாணவர்களே, சட்டத்தின் பெயரையும் ஆண்டையும் மனனம் செய்வதோடு நின்றுவிடாதீர்கள். அந்நிலத்தில் வாழ்வோரிடம் கருத்துக் கேட்கப்பட்டதா என்றும் வினவுங்கள். உங்கள் ஊரின் ஓர் உதாரணத்தையும் விடையில் சேருங்கள். நாளை மதிப்பீட்டு அறிக்கை ஒன்று மக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது, அதை வாசித்துப் பேசாலைக்காக எழுத வேண்டியவர்களும் நீங்களே.