நாலு டயருக்கும் 32 அடிக்காதீங்க!

"நாலுக்கும் 32 அடிச்சுடவா சார்?" காற்று பிடிக்கிற இடத்தில் இப்படிக் கேட்டதும் நாம தலையாட்டிடுறோம். மின்சார கார் வாங்கினவங்களாவது இந்தத் தலையாட்டலை நிறுத்தணும்.

ஏன்னு கேக்கறீங்களா? ஒரு சின்ன கணக்கு போட்டுப் பார்ப்போம். 1,600 கிலோ பெட்ரோல் கார், இன்ஜின் முன்னாடி. எடையில் 60 சதவீதம் முன்னாடி, 40 பின்னாடி என்று வைத்துக்கொள்ளுங்க. முன் டயர் ஒவ்வொன்றும் 480 கிலோ சுமக்குது, பின் டயர் 320. இப்போ 2,000 கிலோ மின்சார கார். பேட்டரி தரைக்கு அடியில் நீட்டிப் படுத்திருக்கு, மோட்டார் பின்னாடி. பங்கு 48க்கு 52. முன் டயருக்கு அதே 480தான். பின் டயருக்கு? 520! கூடின 400 கிலோவும் அப்படியே பின்னாடி போய் உட்கார்ந்துடுச்சு. இத்தனைக்கும் பின்சீட்டில் இன்னும் ஒருத்தரும் ஏறலை.

கார் செய்றவங்களுக்கு இது தெரியும். 2022ல் தயாரிப்பு நின்ற பி.எம்.டபிள்யூ ஐ3க்கும் மோட்டார் பின்னாடிதான். அதுக்குச் சொன்ன காற்று முன்னே 33, பின்னே 41 பி.எஸ்.ஐ. ஃபோக்ஸ்வேகன் ஐடி.4ல் முன் டயர் அகலம் 235 மி.மீ., பின் டயர் 255. சும்மாவா வெச்சிருப்பாங்க?

ஆனா நம்ம ஆளுங்க ரெண்டு கோஷ்டி. "50 அடி மச்சி, ரேஞ்ச் கூடும்" என்பது முதல் கோஷ்டி. கொஞ்சம் கூடும்தான். ஆனா டயர் ரோட்டைத் தொடுற பரப்பு சுருங்கும். மழையில் பிரேக் அடிக்கும்போது அந்தக் கஞ்சத்தனம் தெரியும்.

இன்னொரு கோஷ்டி, சைஸ் ஒண்ணா இருந்தா போதும்னு மலிவா வாங்கிப் போடுறவங்க. 235/45 ஆர்18 சைஸிலேயே 94 என்று போட்ட டயர் தாங்குறது 670 கிலோ, 98 என்றால் 750. அந்த 98 எக்ஸ்.எல். டயரும் முழு எடையைத் தாங்க 42 பி.எஸ்.ஐ. வேணும். நல்ல டயரை வாங்கிட்டு 32 அடிச்சா, கொடுத்த காசும் போச்சு, பாதுகாப்பும் போச்சு.

இத்தனைக்கும் விடை இலவசமா கிடைக்குது. டிரைவர் கதவைத் திறங்க, பக்கத்துத் தூணில் பெரும்பாலும் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். முன்னுக்கு எவ்வளவு, பின்னுக்கு எவ்வளவு, முழு லோடுக்கு எவ்வளவு எல்லாம் அதில் இருக்கு. வண்டி ஓட்டுறதுக்கு முன்னாடி, டயர் ஆறியிருக்கும்போது அந்த அளவுக்கு அடிங்க.

லட்சக்கணக்கில் கொட்டி கார் வாங்கினவருக்கு அந்த ரெண்டு வரியைப் படிக்க நேரமில்லைன்னா, அது காரோட குறை இல்லை.