கிருமி ஒன்றுதான், கூலிதான் வேறு

காசநோய்க் கிருமிக்கு ஏழை, பணக்காரன் என்ற பேதம் கிடையாது என்று சுகாதார மேடைகளில் பேசுவது வழக்கம். அது பாதி உண்மை. மில் முதலாளியின் உடம்பிலும் கிருமி நுழையும், மில் கூலியின் உடம்பிலும் நுழையும். ஆனால் கிருமி நுழைந்தவர்கள் எல்லோரும் நோயாளிகள் ஆவதில்லை. பத்துப் பேர் உடம்பில் அது புகுந்தால், ஒன்பது பேருக்காவது ஆயுள் முழுவதும் நோய் வராது. உடம்பின் பலம் அதைக் கட்டிப் போட்டுவிடும். அந்தப் பலம் எங்கிருந்து வருகிறது? சோற்றிலிருந்தும் பருப்பிலிருந்தும், காற்று வரும் வீட்டிலிருந்தும், உறக்கத்திலிருந்தும் வருகிறது. இவையெல்லாம் எதிலிருந்து வருகின்றன? கூலியிலிருந்து. மேடையில் சொல்லாமல் விடுகிற மறு பாதி உண்மை இதுதான்.

உலகத்தில் காசநோய் காணும் நான்கு பேரில் ஒருவர் நம் நாட்டவர். ஆண்டுதோறும் சுமார் 3 லட்சம் பேரை இந்த நோய் நம்மிடமிருந்து பறித்துக் கொண்டு போகிறது. 2025ஆம் ஆண்டுக்குள் காசநோயை ஒழித்து விடுவோம் என்று 2018ல் டில்லியில் முழங்கினார்கள். நோய் ஒழியவில்லை. மருந்து கிடைக்காமலா? சர்க்கார் ஆஸ்பத்திரியில் மாத்திரை இலவசம். பெரும்பாலானவர்களுக்கு ஆறு மாதம் விடாமல் சாப்பிட்டால் குணம் உண்டு. மருந்து இருந்தும் நோய் ஏன் நிற்கிறது என்பதே கேள்வி.

இங்கிலாந்தின் சரித்திரத்தைப் பாருங்கள். அங்கே பஞ்சாலைகள் பெருகிய காலத்தில் காசநோய் தொழிலாளர் குடும்பங்களை வாரிக் கொண்டு போயிற்று. 1842ல் சாட்விக் என்ற அதிகாரி வெளியிட்ட அறிக்கையில் ஒரு கணக்கு உண்டு. மான்செஸ்டர் நகரில் இறந்தவர்களின் சராசரி வயது, கனவான் குடும்பங்களில் 38, தொழிலாளர் குடும்பங்களில் 17. பிறந்தவுடன் மடிந்த குழந்தைகள் ஏராளம் என்பதால் சராசரி அவ்வளவு கீழே போயிற்று. ஊர் ஒன்று, காற்று ஒன்று, ஆயுள் மட்டும் இரண்டு!

காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் 1882ல்தான் கண்டுபிடித்தார். அதைக் கொல்லும் ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து 1940களில்தான் வந்தது. ஆனால் அந்த மருந்து வருவதற்கு முன்பே அந்நாட்டில் காசநோய்ச் சாவு பெருமளவு குறைந்து விட்டது. எப்படிக் குறைந்தது? அந்த நூறு ஆண்டுகளில் தொழிலாளர்கள் சங்கம் கட்டினார்கள். பஞ்சாலைப் பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் பத்து மணி நேர வேலை என்ற சட்டம் 1847ல் வந்தது. கூலி உயர்ந்தது, சாப்பாடு தேறியது, நகரசபைகள் தண்ணீரும் சாக்கடையும் அமைத்தன, வீடுகள் மேம்பட்டன. இவற்றில் எதற்கு எவ்வளவு பங்கு என்று அறிஞர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். மாத்திரையும் ஊசியும் வருமுன்பே பெரும்பகுதி குறைந்தது என்பதில் தகராறு இல்லை.

இங்கே ஒருவர் குறுக்கே கேட்கலாம்: "சென்னையில் நடந்த ஆராய்ச்சி வேறு விதமாகச் சொல்கிறதே?" நியாயமான கேள்வி, பதில் சொல்ல வேண்டும். 1956ல் சென்னையில் காசநோய் மருந்து ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. நோயாளிகளில் ஒரு சாராரை ஆஸ்பத்திரியில் வைத்து, நல்ல உணவும் ஓய்வும் கொடுத்து, மருந்தும் கொடுத்தார்கள். மறு சாராருக்கு வீட்டிலேயே மருந்து. அந்த வீடுகளோ நெருக்கடியான ஏழை வீடுகள், சாப்பாடும் குறைவு. ஓராண்டு கழித்துப் பார்த்தால் இரு சாராரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்திருந்தார்கள். 1959ல் இது வெளியாகி உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைக்காத லட்சக்கணக்கான ஏழைகளுக்கு வீட்டிலேயே வைத்தியம் என்ற வழி திறந்தது. இது நம் நாட்டுக்குப் பெருமை.

ஆனால் அந்த ஆராய்ச்சி எதைச் சொன்னது? நோய் வந்தவரை மருந்து குணப்படுத்தும் என்று சொன்னது. நோய் யாருக்கு வருகிறது, ஏன் வருகிறது என்பது வேறு கேள்வி. முதல் பதிலை வைத்துக் கொண்டு இரண்டாவது கேள்வியை மூடி விட்டார்கள். மாத்திரை கொடுத்தாயிற்று, சர்க்காரின் கடமை தீர்ந்தது என்று கை கழுவினார்கள்.

அந்த இரண்டாவது கேள்விக்கு ஜார்க்கண்ட் மாநிலத்திலிருந்து பதில் வந்திருக்கிறது. அங்கே நான்கு மாவட்டங்களில் 2019 முதல் 2022 வரை ஒரு சோதனை நடத்தினார்கள். 2,800 காசநோயாளிகளின் வீடுகளில் உடன் வாழும் 10,000க்கு மேற்பட்டவர்களைக் கவனித்து வந்தார்கள். நோயாளிகள் எல்லோருக்கும் மருந்தும் உணவுப் பொருளும் கொடுத்தார்கள். ஒரு பகுதி வீடுகளில் மட்டும் உடன் வாழ்பவர்களுக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். பெரியவர் ஒருவருக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரை கிலோ துவரம் பருப்பு, கொஞ்சம் சத்து மாத்திரை. அவ்வளவுதான். அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவிகிதம் குறைந்தது. மற்றவருக்குத் தொற்றக்கூடிய நுரையீரல் காசநோய் 48 சதவிகிதம் குறைந்தது. 2023ல் இது 'லான்செட்' என்ற மருத்துவப் பத்திரிகையில் வெளியாயிற்று. அரிசியும் பருப்பும் தடுப்பு மருந்தாக வேலை செய்தன!

புகை, சாராயம், சர்க்கரை வியாதி இவையும் காசநோய்க்குக் கதவு திறப்பவைதான். ஆனால் நம் நாட்டில் அந்தக் கதவை மிக அகலமாகத் திறப்பது அரைவயிற்றுச் சாப்பாடு.

இனி, மூன்று பேரை நினைத்துப் பாருங்கள். மூவருக்கும் ஒரே கிருமி, ஒரே மாத்திரை.

முதலாமவர் சர்க்கார் உத்தியோகஸ்தர். சம்பளத்துடன் லீவு எடுத்துக் கொள்கிறார். பாலும் முட்டையும் சாப்பிடுகிறார். குணமாகி வேலைக்குத் திரும்புகிறார்.

இரண்டாமவர் நிரந்தர மில் தொழிலாளி. ஈ.எஸ்.ஐ.யில் நீண்டகால நோய்களுக்கு உள்ள உதவித் தொகை காசநோய்க்கும் உண்டு. போதிய காலம் சந்தா கட்டியிருந்தால் கூலியில் 80 சதவிகிதம் கிடைக்கும். அதே மில்லில், அதே ஸ்பின்னிங் இலாகாவில், கண்ட்ராக்டில் வேலை செய்கிறவருக்கு? கண்ட்ராக்டர் சந்தாவை ஒழுங்காகக் கட்டாவிட்டால் ஒன்றுமில்லை. பஞ்சுத் தூசியில் வேலை செய்பவருக்கு இருமல் புதிதல்ல. "பஞ்சு இருமல்தானே" என்று மாதக்கணக்கில் தள்ளிப் போடுகிறார். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும், விஷயம் தெரிந்தால் வேலையே போகும் என்ற பயம் வேறு. அதற்குள் விடுதியில் பக்கத்துப் பாயில் படுப்பவருக்கும் நோய் தொற்றி விடுகிறது.

மூன்றாமவர் விவசாயக் கூலி. அவருக்கு லீவும் இல்லை, ஈ.எஸ்.ஐ.யும் இல்லை. நடவும் அறுப்பும் இல்லாத மாதங்களில் அடுப்பே அரைகுறையாகத்தான் எரிகிறது. ஒரே அறைக் குடிசையில் பிள்ளைகளோடு படுக்கிறார். இரண்டு மாதம் மாத்திரை சாப்பிட்டதும் இருமல் அடங்குகிறது, வயிறு அடங்கவில்லை. வேலை தேடி வெளியூர் போகிறார். மாத்திரை நின்று போகிறது. அதன் பிறகு "நோயாளி ஒத்துழைக்கவில்லை" என்று எழுதி வைக்கிறார்கள். அவருடைய வயிற்றுக்கு யார் ஒத்துழைத்தார்கள்?

நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் என்று 2018ல் தொடங்கிய உதவித் தொகையை 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாய் ஆக்கியிருக்கிறார்கள். வரவேற்கிறோம். ஆனால் ஆறு மாதம் கூலி இழந்த குடும்பத்துக்கு அது எத்தனை நாளைக்குக் காணும்?

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. காசநோயாளியின் குடும்பம் முழுவதற்கும் அரிசியும் பருப்பும் கொடு. விவசாயக் கூலிக்குச் சிகிச்சைக் காலம் முழுதும் கூலி நஷ்டஈடு கொடு. கண்ட்ராக்ட் தொழிலாளி ஒவ்வொருவரையும் ஈ.எஸ்.ஐ.யில் சேர். மில் வாசலிலும் சேரியிலும் சளிப் பரிசோதனை நடத்து. நோய் கண்டவரை வேலையை விட்டு நீக்காதே. காற்று வரும் வீடு கட்டிக் கொடு.

நமக்கும் கடமை உண்டு, தோழர்களே. இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிற தோழரைச் சங்கமே பரிசோதனைக்கு அழைத்துப் போக வேண்டும். நோய் வந்தவரை ஒதுக்கி வைக்காமல், அவர் கடைசி மாத்திரை வரை சாப்பிடுவதைப் பார்த்துக் கொள்ள வேண்டும். அதோடு நின்று விடவும் கூடாது. அடுத்த கூலிப் பேச்சு வார்த்தையில் உட்காரும்போது, கேட்கும் ஒவ்வொரு ரூபாயும் நம் பிள்ளைகளின் நுரையீரலுக்காகவும்தான் என்பதை நினைவில் வைத்துப் பேசுவோம்.