இடுக்கில் ஒதுங்கும் உயிர்கள்

பகலில் சிங்க இறாலைத் தேடிக் கடலில் மூழ்குவோர் முதலில் காண்பது, பாறை இடுக்கிலிருந்து வெளியே நீண்டிருக்கும் உணர்கொம்புகளையே. கலவாய் போன்ற பெருமீன்களை எதிர்க்க அதற்குப் பெரிய கிடுக்கிகள் இல்லை. ஆகவே கதிரவன் மறையும்வரை அது இடுக்கினுள் ஒதுங்கியிருக்கின்றது. பல வேளைகளில் ஒரே இடுக்கில் பல இறால்கள். பழைய ஓட்டைக் கழற்றிய பின்னர், புதிய ஓடு இறுகும்வரை உடல் மென்மையானது. அந்நாட்களில் மறைவிடமே அதற்கு உயிர். இருள் கவிந்ததும் இரைதேடப் புறப்படும். இரவையும் உயிர்களின் நடமாட்டத்திற்கென இறைவனே வகுத்தார் எனத் திருப்பாடல் 104 போற்றுகின்றது.

இதனைக் கோழைத்தனம் என எவரும் இகழ்வதில்லை. மனிதர் ஒளிந்தால் மட்டும் உடனே தீர்ப்பிடுகின்றோம். தீமை செய்வோரே ஒளிக்கு அஞ்சுவர் என யோவான் நற்செய்தியையும் துணைக்கு அழைக்கின்றோம். அதே நற்செய்தியின் 8ஆம் அதிகாரத்தில், கல்லெறிய முனைந்தோரிடமிருந்து ஆண்டவர் மறைந்துகொண்டார். 11ஆம் அதிகாரத்தில், தம்மைக் கொல்லத் திட்டமிட்டோர் நடுவே வெளிப்படையாக நடமாடாது, எப்ராயிமுக்குச் சென்று தங்கினார். இவற்றை நாம் அதிகம் பேசுவதில்லை.

கணவனின் அடிக்கு அஞ்சித் தாய்வீட்டில் ஒதுங்கிய பெண்ணை, உடனே திரும்பிச் செல்லும்படி நெருக்குவோர் நம் பங்குகளில் உளர். நுண்கடன் தவணை கேட்டு வருவோருக்கு அஞ்சிக் கதவடைத்திருக்கும் தாயை, திருப்பலிக்கு வராதவள் எனக் குறைகூறுவோரும் உளர். இது நீதியன்று. ஓடு இறுகும்வரை அவர்களுக்கு வேண்டியது ஓர் இடுக்கு. அதனை அயலவர் கொடுக்கலாம், பங்குமனையும் கொடுக்கலாம். அவள் எங்கே என விசாரித்து வருவோரிடம் வாய்திறவாதிருப்பதும் அதில் அடங்கும்.