சொந்த லீக் காணாத பவுலெட்டா

போர்ச்சுகல் அணிக்காக 88 ஆட்டங்களில் 47 கோல். யூசெபியோவின் 41 கோல் சாதனையை 2005-ல் தாண்டியவர் பவுலெட்டா. ஆனால் சொந்த நாட்டின் முதல் டிவிஷனில் அவர் ஓர் ஆட்டம்கூட ஆடியதில்லை. இது அவருடைய குறையல்ல. அவர் பிறந்த அசோரஸ் தீவுகள் பக்கம் கண்ணைத் திருப்பாத பெரிய கிளப்புகளின் குறை.

இரண்டாம் டிவிஷன் எஸ்டோரிலிலிருந்து 1996-ல் ஸ்பெயினின் சலமாங்காவுக்குப் போனார். 2000-ல் டெபோர்ட்டிவோவுடன் லீக் பட்டம். அதே ஆண்டு பிரான்சில் போர்தோ அணிக்கு இறங்கிய முதல் ஆட்டத்திலேயே நாந்த்தின் வலையில் மூன்று கோல்!

பாரிஸின் பிஎஸ்ஜி அணியில்தான் அவர் முழுதாக மலர்ந்தார். 2004-ல் மார்செய்க்கு எதிரான அந்தக் கோலைப் பாருங்கள். பெட்டியின் ஓரம், கோலே தெரியாத கோணம். மார்செய் கோல்கீப்பர் பார்த்தெஸ் முன்னேறி வருகிறார். பவுலெட்டா பந்தை அவர் தலைக்கு மேல் மெல்லத் தூக்கிவிடுகிறார். அது வளைந்து இறங்கி உள்ளே விழுகிறது. உடனே இரு கைகளையும் கழுகின் சிறகாக விரித்து ஓடுகிறார்.

பிஎஸ்ஜிக்கு கத்தார் பணம் வருவதற்கு முந்தைய வறண்ட காலம் அது. அப்போது அவர் அடித்த 109 கோல்களைக் கடக்க 2015-ல் இப்ராஹிமோவிச் வரவேண்டியிருந்தது. 2004 யூரோவில் கோலடிக்காததையே இன்னும் சொல்லிக்காட்டுவது அநியாயம்.