உயிர் தப்பியாச்சு... ஆனா ஆளே மாறிட்டாரே! தலைக்காயத்துக்குப் பிறகு தேவைப்படும் 'இன்னொரு சிகிச்சை' என்ன?

சாலை விபத்து. தலையில் அடி. ஆம்புலன்ஸ், ஐசியு, ஆபரேஷன். சில வாரங்களில் டிஸ்சார்ஜ். "பொழைச்சதே பெருசு" என்று குடும்பம் நிம்மதிப் பெருமூச்சு விடுகிறது.

ஆனால், வீட்டுக்கு வந்த சில நாட்களில் வேறொரு பிரச்னை தொடங்குகிறது. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார். காலையில் யார் வந்து பார்த்தார்கள் என்பது மதியத்துக்குள் மறந்துவிடுகிறது. குழம்பில் உப்பு கம்மி என்பதற்குத் தட்டை வீசுகிறார். கை, கால் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனாலும், "அடிபட்டதுக்கு அப்புறம் இவர் பழைய ஆளே இல்லை" என்கிறார்கள் வீட்டில் இருப்பவர்கள்.

இது திமிரும் இல்லை, சோம்பேறித்தனமும் இல்லை. மூளைக்காயத்தின் பின்விளைவு. இதற்கென்றே 'நரம்பு உளவியல் மறுவாழ்வு' என்ற சிகிச்சை முறை இருக்கிறது. ஆனால், உயிரைக் காப்பாற்றப் பணம் ஒதுக்கும் அரசுத் திட்டங்களும், மாற்றுத்திறனை வரையறுக்கும் சட்டமும் இந்த இடத்துக்கு இன்னும் சரியாக வந்து சேரவில்லை.

எண்கள் சொல்வது என்ன?

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022-ம் ஆண்டு அறிக்கைப்படி, அந்த ஆண்டில் நாட்டிலேயே அதிக சாலை விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடு. மொத்தம் 64,105 விபத்துகள். உயிரிழந்தவர்கள் 17,884 பேர்.

நாடு முழுவதும் அதே ஆண்டில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அதில் 44.5 சதவீதம் பேர் டூவீலரில் சென்றவர்கள். காயமடைந்தவர்கள் 4,43,366 பேர்.

இறந்தவர்களின் எண்ணிக்கை ஒவ்வொரு ஆண்டும் தலைப்புச் செய்தி ஆகிறது. காயமடைந்த நாலரை லட்சம் பேரில் எத்தனை பேர் பழைய வேலைக்குத் திரும்பினார்கள்? அந்தக் கணக்கு அறிக்கையில் இல்லை.

48 மணி நேரம், 7 நாள்... அப்புறம்?

உயிர் காக்கும் விஷயத்தில் அரசுகள் முக்கியமான அடிகளை எடுத்து வைத்திருக்கின்றன என்பதை மறுக்க முடியாது.

தமிழ்நாடு அரசு 2021 டிசம்பர் 18-ல் மேல்மருவத்தூரில் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தைத் தொடங்கியது. தமிழக எல்லைக்குள் விபத்தில் சிக்குபவர் எந்த மாநிலத்தவராக இருந்தாலும், முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். ஒரு லட்சம் ரூபாயாக இருந்த உச்சவரம்பு பின்னர் 2 லட்சமாக உயர்த்தப்பட்டது.

தேசிய அளவில், சாலைப் பாதுகாப்புக்காகக் கோவையைச் சேர்ந்த எலும்பியல் மருத்துவர் எஸ்.ராஜசேகரன் தொடர்ந்த வழக்கில், விபத்தில் சிக்குபவர்களுக்குக் கட்டணமில்லா சிகிச்சைத் திட்டத்தை உருவாக்கும்படி 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன் பிறகு, 2025 மே மாதம் மத்திய அரசின் திட்டம் அமலுக்கு வந்தது. விபத்து நடந்த நாளில் இருந்து 7 நாட்கள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை.

ஒன்று 48 மணி நேரம். இன்னொன்று 7 நாள். இரண்டுமே உயிரைக் காப்பாற்ற வந்தவை. ஆனால், ஞாபக மறதியும் கோபமும் கவனச் சிதறலும் பெரும்பாலும் வீட்டுக்கு வந்த பிறகுதான் வெளியே தெரியும். மீட்டர் நின்ற பிறகுதான் உண்மையான பயணமே ஆரம்பிக்கிறது.

மூளைக்குள் என்ன நடக்கிறது?

வேகமாகப் போய் மோதும்போது மண்டை ஓட்டுக்குள் மூளை குலுங்குகிறது. மூளையின் முன்பகுதியும், காதை ஒட்டிய பக்கப் பகுதியும் அதிகம் அடிபடக்கூடிய இடங்கள். காரணம், அவை உட்காரும் எலும்புத் தளம் கரடுமுரடானது.

திட்டமிடுவது, கோபத்தை அடக்குவது, ஒரு வேலையைத் தொடங்கி முடிப்பது ஆகியவற்றில் முன்பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு. புதிய விஷயங்களை நினைவில் பதிய வைப்பதில் பக்கப் பகுதிக்கு முக்கிய வேலை. அதனால்தான் நடை, பேச்சு நன்றாக இருந்தாலும் 'ஆள் மாறிவிட்டது' போலத் தெரிகிறது.

சரி, ஸ்கேன் நார்மல்னு சொன்னாங்களே? நரம்பு இழைகளில் ஏற்படும் நுண்ணிய சேதம் சாதாரண சிடி ஸ்கேனில் தெரியாமல் போகலாம். ஸ்கேன் நார்மல் என்பதால் பாதிப்பே இல்லை என்று அர்த்தம் கிடையாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. தனக்குப் பிரச்னை இருப்பதே பாதிக்கப்பட்டவருக்குத் தெரியாமல் போகலாம். "எனக்கு ஒண்ணும் இல்லை, வண்டிச் சாவியைக் குடு" என்று அவர் சொல்வது பிடிவாதம் மட்டும் அல்ல. தன்னைத் தானே கவனித்துத் திருத்திக்கொள்ளும் மூளைப் பகுதி அடிபட்டதன் அறிகுறியாகவும் அது இருக்கலாம்.

மருத்துவ உலகில் பிரபலமான உதாரணம், அமெரிக்காவின் பினியாஸ் கேஜ். 1848-ல் ரயில் பாதை வேலையின்போது வெடி வெடித்து, ஓர் இரும்புக் கம்பி அவரது தலையைத் துளைத்துச் சென்றது. உயிர் பிழைத்தார். குணம் மாறிவிட்டது என்றார்கள். பலரும் கதையை அங்கேயே நிறுத்திவிடுவார்கள். ஆனால், அவர் பிறகு சிலி நாட்டுக்குப் போய்ப் பல ஆண்டுகள் குதிரை வண்டி ஓட்டினார். தினமும் ஒரே ஒழுங்கில் நடந்த அந்த வேலையே அவரைத் தேற்றியிருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

மறுவாழ்வில் என்ன செய்வார்கள்?

ஒரு பஸ் கண்டக்டருக்குத் தலைக்காயம் ஏற்பட்டதாக வைத்துக்கொள்வோம். உடம்பு தேறிவிட்டது. ஆனால் கூட்ட நெரிசல், சத்தம், சில்லறைக் கணக்கு, ஸ்டேஜ் பெயர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வரும்போது தடுமாறுகிறார்.

முதல் கட்டம், சோதனை. கவனம், ஞாபகம், வேகம், மொழி, திட்டமிடல், மனநிலை என்று தனித்தனியாக அளக்கிறார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் இந்தியர்களுக்கு ஏற்றபடி உருவாக்கிய சோதனைத் தொகுப்பு 2004-ல் வெளியானது. எது கெட்டிருக்கிறது என்பது மட்டுமல்ல, எது நன்றாக இருக்கிறது என்பதும் இதில் தெரியவரும்.

அடுத்தது, பயிற்சி. ஒரு நேரத்தில் ஒரு வேலை என்று தொடங்கி, கவனிக்கும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள். திரும்பி வராத திறனுக்கு மாற்று வழி கற்றுக்கொடுப்பார்கள். ஞாபகத்துக்கு நோட்டும் செல்போன் அலாரமும், வேலைக்கு 'முதலில் இது, அடுத்து அது' என்ற பட்டியலும் கைகொடுக்கும்.

அலாரம் என்றால் சாதாரணமாகத் தோன்றலாம். பிரிட்டனில் பார்பரா வில்சன் குழுவினர் 143 பேரிடம் பேஜர் மூலம் நினைவூட்டல் அனுப்பிப் பார்த்தார்கள். அந்த ஆய்வு 2001-ல் வெளியானது. நினைவூட்டல் வந்தபோது, அன்றாட வேலைகளை மறக்காமல் செய்வது பெரும்பாலானவர்களுக்குக் கூடியது. இன்று அந்தப் பேஜரின் வேலையை எல்லோர் கையிலும் இருக்கும் போன் செய்துவிடும். பாதிக்கப்பட்டவரை அதைப் பயன்படுத்தப் பழக்குவதுதான் சிகிச்சை.

மூன்றாவது, மனசு. கோபத்தைக் கையாளுதல், மனச்சோர்வுக்கான சிகிச்சை, குடும்பத்துக்கு ஆலோசனை. கடைசியாக, வேலைக்குத் திரும்புதல். அந்தக் கண்டக்டருக்கு டிப்போவில் அமைதியான ஒரு வேலை முதலில் பொருந்தலாம்.

முதல் ஆறு மாதங்களில் முன்னேற்றம் பொதுவாக வேகமாக இருக்கும். ஆனால் அதோடு நின்றுவிடாது. ஆண்டுக்கணக்கில் மெதுவாகத் தொடரலாம்.

எங்கே கிடைக்கிறது?

நிம்ஹான்ஸ் இந்தத் துறையில் முன்னோடி. வேலூர் சிஎம்சியின் மறுவாழ்வு மையம் 1966 முதல் பாகாயத்தில் இயங்குகிறது. அதற்கு வித்திட்ட டாக்டர் மேரி வர்கீஸ், விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்தவர். சென்னை கே.கே.நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது.

பிரச்னை தூரம்தான். இந்தப் பயிற்சி வாரத்துக்குச் சில முறை, மாதக்கணக்கில் நடக்க வேண்டியது. கூலி வேலை செய்யும் குடும்பம் ஒவ்வொரு முறையும் ஒரு நாள் சம்பளத்தையும் பஸ் செலவையும் இழக்கிறது. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் பிசியோதெரபியை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. கைக்கும் காலுக்கும் முடிந்தது ஞாபகத்துக்கும் கோபத்துக்கும் முடியாதா என்பதுதான் இப்போது எழும் கேள்வி.

சட்டம் எங்கே நிற்கிறது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, 21 வகை குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. மூளைக்காயம் அதில் தனி வகையாக இல்லை. கை, கால் பாதிப்பு, பேச்சுக் குறைபாடு, மனநோய் என்று ஏதாவது ஒரு தலைப்பின் கீழ்தான் சான்றிதழ் கேட்க வேண்டும். முக்கியச் சலுகைகளுக்கு 40 சதவீதம் தேவை. நடக்கிறார், பேசுகிறார், ஆனால் வேலை பார்க்க முடியவில்லை என்பவர் எந்தத் தலைப்புக்குள்ளும் சரியாகப் பொருந்துவதில்லை.

அமெரிக்காவில் பள்ளி மாணவர்களுக்கான சட்டம் 1990-லேயே மூளைக்காயத்தைத் தனி வகையாகச் சேர்த்துவிட்டது. இந்தியாவிலும் இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. மத்திய அரசு அறிவிக்கை மூலம் வேறு வகைகளைச் சேர்க்கலாம் என்று சட்டத்தின் அட்டவணையே சொல்கிறது.

இழப்பீட்டில் நீதிமன்றங்கள் கொஞ்சம் முன்னே போயிருக்கின்றன. குறைபாட்டின் சதவீதமும் சம்பாதிக்கும் திறன் இழப்பும் ஒன்றல்ல என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. இடது கையை இழந்த டிரைவருக்கு ஏற்படும் இழப்பும், கிளார்க்குக்கு ஏற்படும் இழப்பும் வேறு வேறு. நம் கண்டக்டருக்கும் இதே தர்க்கம் பொருந்தும். மூளை பாதிக்கப்பட்ட 12 வயது சிறுமியின் வழக்கில், கூட இருந்து பார்த்துக்கொள்பவர்களுக்கு வாழ்நாள் முழுக்க ஆகும் செலவையும் சேர்த்து, 62 லட்சம் ரூபாய்க்கு மேல் வழங்க 2020-ல் உத்தரவிட்டது.

ஆனால், 2022 ஏப்ரல் முதல் அமலில் உள்ள சட்டத் திருத்தப்படி இழப்பீட்டு மனுவை 6 மாதங்களுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். இதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் தொடரப்பட்டுள்ளன. 'தானா சரியாயிடும்' என்று காத்திருக்கும் குடும்பத்துக்கு அந்த ஆறு மாதம் ஓடியே போய்விடும்.

குடும்பத்தினர் என்ன செய்யலாம்?

* டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே "ஞாபகம், கவனம், நடத்தைக்கு சோதனை எப்போ எடுக்கணும்?" என்று டாக்டரிடம் கேளுங்கள்.
* மறதி, கோபம், தூக்கம் பற்றித் தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். சிகிச்சைக்கும் இழப்பீட்டு வழக்குக்கும் அது உதவும்.
* உளவியல் நிபுணர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள்.
* டாக்டர் சம்மதிக்கும் வரை வண்டிச் சாவியைக் கொடுக்காதீர்கள். மதுவும் கூடாது.
* சாவி, மாத்திரை, பர்ஸ் வைக்க ஒரே இடம். தினமும் ஒரே நேர அட்டவணை. நடுநடுவே ஓய்வு.
* பார்த்துக்கொள்பவருக்கும் மனசு தளரும். 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் இலவசமாகப் பேசலாம்.

விபத்து நடந்ததும் 108-க்கு அழைக்க வேண்டும் என்பது இன்று எல்லோருக்கும் தெரியும். அந்தப் பழக்கம் வர அரசும் மக்களும் சேர்ந்து பல வருஷம் உழைத்தார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரைகளோடு 'ஞாபகம், நடத்தைப் பரிசோதனை' என்று ஒரு வரி கட்டாயமானால், அடுத்த கட்டம் அங்கிருந்து தொடங்கும்.