ஜடேஜாவைக் கொடுத்தது துரோகமா?



2025 நவம்பரில் ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து, சஞ்சு சாம்சனைச் சென்னை சூப்பர் கிங்ஸ் வாங்கியதைத் துரோகம் என்பவர்கள் எங்கள் துறைமுக நகரிலும் நிறைய. 2023 இறுதிப் போட்டியில் கடைசி இரண்டு பந்தில் பத்து ரன் அடித்துக் கோப்பை வாங்கித் தந்தவரை அனுப்பலாமா என்கிறார்கள். நன்றி வேறு, அணித் தேர்வு வேறு. 2025-ல் சென்னை முதன்முறையாகக் கடைசி இடத்துக்குப் போனது. விக்கெட் கீப்பர் தோனிக்கோ அப்போதே வயது 44. அந்த இடத்துக்கு 31 வயதில், கேப்டன் அனுபவத்தோடு ஒருவர் கிடைப்பது லேசில் நடக்காது. தவிர, வீரரின் சம்மதம் இல்லாமல் ஐ.பி.எல். பரிமாற்றமே கிடையாது. ஜடேஜா 18 கோடியிலிருந்து 14 கோடிக்கு இறங்கியே போனார்.

ஒருவருக்காக இருவரைக் கொடுத்தது நஷ்டம் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஜடேஜாவின் இடத்தை நிரப்ப, அடுத்த மாத ஏலத்திலேயே, இந்திய அணிக்கு ஆடியிராத சுழல்பந்து ஆல்ரவுண்டர் பிரசாந்த் வீருக்கு 14.20 கோடி கொட்ட வேண்டி வந்தது. பரிமாற்றத்தின் உண்மையான விலை அதுதான்; வாதாடுவதென்றால் அதைப் பற்றி வாதாடலாம். கோபத்துக்கு வேறு காரணமும் நம்மிடம் இருக்கிறது. 2016-ல் முதல் தமிழ்நாடு பிரீமியர் லீக் (டி.என்.பி.எல்.) கோப்பையை வென்ற நம் தூத்துக்குடி அணியான டூட்டி பேட்ரியாட்ஸ் பின்னர் சேலம் ஸ்பார்ட்டன்ஸ் ஆகிவிட்டது. ஒரு வீரர் அல்ல, அணியே போய்விட்டது! ஜடேஜாவுக்காகக் குரல் கொடுக்கும் நண்பர்கள், தூத்துக்குடிக்கு மீண்டும் ஓர் அணி வேண்டும் என்று தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்துக்கும் எழுத வேண்டும்.

தூத்துக்குடி வாசகர்