பூங்காவுக்கான தூரத்தை வாசல்வரை நடந்து அளக்கக் கோரும் மனு

அனுப்புநர்: குடியிருப்போர் நலச் சங்கத்தினர், சென்னை.
பெறுநர்: மாநகராட்சி ஆணையர் அவர்கள், ரிப்பன் மாளிகை, சென்னை.

பொருள்: பூங்காக்களைச் சென்றடையும் வசதியை வார்டுவாரியாக அளந்து வெளியிடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

2011இல் எல்லை விரிந்தபின் சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர், வார்டுகள் 200. இவ்வளவு பெரிய நகரில் பூங்காக்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் போதாது. அவை யார் யாருக்கு எட்டுகின்றன என்பதும் தெரிய வேண்டும்.

வரைபடத்தில் பூங்காவைச் சுற்றி வட்டம் போட்டால் பக்கத்து வீடுகள் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். ஆனால் வீடு மதிலை ஒட்டியும் வாசல் மறுபக்கத்திலும் இருந்தால், கூப்பிடு தூரத்துப் பூங்காவுக்கு இரண்டு தெரு சுற்ற வேண்டும். நடுவே கால்வாயோ ரயில் தண்டவாளமோ வந்துவிட்டால், மூட்டுவலியுள்ள முதியவருக்கு அந்தப் பூங்கா இல்லாததற்குச் சமம். பொதுவெளிகள் எல்லோருக்கும் எட்ட வேண்டும் என்னும் ஐ.நா.வின் நிலைத்த வளர்ச்சி இலக்கு 11.7, பெண்கள், குழந்தைகள், முதியோர், மாற்றுத்திறனாளிகள் என்று பெயர் சொல்லியே பேசுகிறது. அதை அளக்க ஐ.நா. வாழ்விட அமைப்பு கொள்ளும் தூரம், தெருவழியே நடந்து 400 மீட்டர். அதே முறையை இங்கும் கைக்கொள்ள வேண்டுகிறோம்.

தூரத்தோடு வழியையும் பதிவு செய்ய வேண்டும்: நடைபாதை உண்டா, சாலையைக் கடக்க சிக்னல் உண்டா, மாலையில் விளக்கு எரிகிறதா, வாசல் எந்நேரம் திறந்திருக்கும். பைக் நுழையாதபடி வாசலில் நடப்படும் இரும்புக் குழாய்கள் சக்கர நாற்காலியையும் வெளியே நிறுத்திவிடும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 இருக்கும்போது இதை ஏற்க முடியாது. இத்தகைய வாசல்களைத் தனியே பட்டியலிட்டு உடனே சீர்செய்ய வேண்டும்.

வெளியூரிலிருந்து வருவோரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அண்ணாநகரில் மெட்ரோ நிலையத்துக்கே பூங்காவின் கோபுரத்தால்தான் பெயர். அங்கே இறங்கும் புதியவர் யாரிடமும் கேட்காமல் பூங்கா வாசலை அடைய முடிகிறதா என்று அளந்து பார்த்து, தமிழில் வழிகாட்டிப் பலகைகள் வைக்க வேண்டும்.

எட்டாத இடங்கள் தெரிந்தபின், இரண்டாவது வாசல் திறந்தாலே தீரும் இடங்களை முதலில் எடுத்துக்கொள்ளலாம், செலவு குறைவு. மற்ற இடங்களில், மனைப்பிரிவுகளில் திறந்தவெளிக்கென ஒதுக்கிய ஓ.எஸ்.ஆர். நிலங்களைப் பூங்காவாக்க வேண்டும்.

முதற்கட்டமாக ஒவ்வொரு மண்டலத்திலும் ஒரு வார்டில் இந்த அளவீட்டைத் தொடங்கி, முடிவுகளை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டுகிறோம். எங்கள் சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள் அளவெடுப்போருடன் நடந்துவரத் தயாராக உள்ளனர். அதற்கொரு நாள் குறித்துத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சங்கத் தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்